பதில்: திகதி மாறியதும் எல்லாரும் எக்செலுக்குத் திரும்பிவிடுகிறார்கள்

கிளிநொச்சியிலிருந்து நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். மென்பொருளின் புதிய பதிப்பில் எந்த அம்சங்கள், எப்போது வெளிவரும் என்று திட்டமிடக் கருவி செய்திருக்கிறீர்கள். ஒரு திகதி தள்ளிப்போனதும் புரொடக்ட் மனேஜர்கள் அதை விட்டுவிட்டு எக்செலைத் திறக்கிறார்கள். சரி, பிழை திரையின் அழகில் இல்லை. நீங்கள் விவரித்தபடி கருவி முதலில் அம்சங்களைக் கேட்கிறது, பிறகு திகதியைக் கேட்கிறது. ஆட்களின் நேரத்தை எங்கேயும் கேட்கவில்லை.

சிறுபோக நெற்செய்கைக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று பேசுவார்கள். உங்கள் கருவியும் அங்கேயே தொடங்கட்டும். லீவு, பழைய பிழை திருத்தம், வாடிக்கையாளர் தொல்லை எல்லாம் கழித்து மிஞ்சும் நாட்கள்தான் உங்கள் தண்ணீர். அம்சங்கள் அதை மீறினால் வெறுமனே சிவப்பு நிறம் காட்டாமல், "எதை அடுத்த வெளியீட்டுக்கு விடலாம்?" என்று கேளுங்கள்.

திகதி, அம்சம் இரண்டையும் ஒன்றாகப் பூட்ட விடாதீர்கள். உபுண்டு என்ற கணினி இயங்குதளம் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் வெளிவரும். முடியாத அம்சம் அடுத்த தடவைக்குப் போகும். திகதியையே தள்ளியது 2006இல். வெளிவரும் ஆண்டும் மாதமும்தான் அதன் பதிப்பெண். ஏப்ரல் பதிப்பு ஜூனுக்குப் போனதால் எண்ணே 6.06 ஆனது.

இன்னொன்று, திகதியை மாற்றிச் சேமிக்கும் முன்பே அதனால் வேறு எவையெல்லாம் நகரும் என்று காட்டுங்கள். எக்செலில் அது தானாக வராது.

நான் வவுனியாவில்தான் இருக்கிறேன். திரையின் படத்தைப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.