பழைய ராமைக் காப்பாற்றும் மதர்போர்டு: டொராண்டோவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

கோவையிலிருந்து பிரித்து எடுத்து வந்த ஐ5-6500 (இன்டெலின் ஆறாம் தலைமுறை ப்ராசஸர்) கணினியை இன்னும் பூட்டவில்லை என்றும், எதையும் வீணாக்காமல் மேம்படுத்த இங்கே எந்த மதர்போர்டு வாங்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். உங்களிடம் இருப்பவற்றில் இன்று மதிப்புள்ளவை இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ராம்கள்தாம். 2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறிவிட்டதால், அவற்றை ஏற்கும் போர்டையே தேடுங்கள். ஏஎம்டியின் ஏஎம்5, இன்டெலின் எல்ஜிஏ1851 ஆகிய சாக்கெட்டுகள் (ப்ராசஸர் உட்காரும் இடம்) உள்ள போர்டுகள் அடுத்த தலைமுறை ராமான டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். இரண்டு வகை ராமுக்கும் 288 பின்கள்தாம் என்றாலும் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று உட்காராது.

ப்ராசஸரை விட்டுவிடுங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஆதரிக்கும் பட்டியலில் ஆறாம் தலைமுறை இன்டெல் இல்லை.

என் தேர்வு டிடிஆர்4 ஏற்கும் ஏஎம்டியின் பி550 போர்டும் ரைசன் 5 5600 ப்ராசஸரும். அந்தப் போர்டின் ஏஎம்4 சாக்கெட்டில் பின்னாளில் எட்டுக் கோர் 5700எக்ஸையோ பன்னிரண்டு கோர் 5900எக்ஸையோ பொருத்தலாம். 5600இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. உங்கள் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு அந்தக் குறையைத் தீர்த்துவிடும். சாட்டா கேபிளில் இணையும் உங்கள் எஸ்எஸ்டியும் அப்படியே வேலை செய்யும்; ஆனால் சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டை (எஸ்எஸ்டியை நேராகப் போர்டில் செருகும் இடம்) நிரப்பினால் இரண்டு சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும் என்பதால் கையேட்டைப் பார்த்து வாங்குங்கள். பழைய போர்டு வாங்குவதானால், ப்ராசஸர் இல்லாமலேயே பென் டிரைவிலிருந்து பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பிக்கும் பொத்தான் உள்ளதாகப் பாருங்கள். பி550 வந்தது 2020 ஜூன், 5600 அடங்கிய ரைசன் 5000 வரிசை வந்தது அதே ஆண்டு நவம்பர். ஆகவே தொடக்க காலப் பயாஸ் உள்ள போர்டு 5600ஐ அடையாளம் காணாமல் போகலாம்.

இன்டெல்தான் வேண்டுமென்றால் பி760 போர்டு சரி. ஒரே மாடல் டிடிஆர்4, டிடிஆர்5 என இரு வகையிலும் விற்பதால் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைக் கவனமாகப் படியுங்கள்.

பூட்டும் முன் எஸ்எம்பிஎஸ்ஸின் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) பின்புறத்தைப் பாருங்கள். அங்கே 230, 115 என்று குறித்த சிறு சுவிட்ச் இருந்தால் 115க்குத் தள்ளுங்கள். கனடாவில் மின்சாரம் 120 வோல்ட்தான். 100-240 என்று லேபிளில் அச்சிட்டிருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், இந்த ஊர் பிளக் உள்ள பவர் கார்டு போதும். பின்னாளில் அந்தச் சுவிட்ச் உள்ள கணினியை ஊருக்குக் கொண்டு போனால் மறக்காமல் 230க்கு மாற்றுங்கள். 115இல் வைத்து நம் ஊர் மின்சாரத்தில் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் அந்த நிமிடமே போய்விடும்.

முதலில் பழைய போர்டிலேயே ஒருமுறை கணினியை இயக்கி, கோப்புகளை வேறொரு டிஸ்கில் நகலெடுங்கள். விண்டோஸ் இருக்கும் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பகிர்வு முறையில் இருந்தால், விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவியால் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றிய பிறகு புதிய போர்டுக்குப் போங்கள்.

கடையில் ஒட்டியிருக்கும் விலையோடு ஒன்டாரியோவில் 13 சதவீத வரி சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், அதில் ப்ராசஸருக்கான 8 பின் இணைப்பு உண்டா என்பதை எழுதுங்கள். அதை மாற்ற வேண்டுமா என்று சொல்கிறேன்.