பெஞ்சும் பரணும்

கேள்வி: பூம்பாறையில் நாங்கள் ஐந்து பேர், விடியற்காலையில் எழுந்து அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து ஆட்டங்களைப் பார்ப்பவர்கள். எங்கள் அபிமான அணியின் கார்ட் (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நகர்த்தும் ஆட்டக்காரர்) இந்த சீசனில் தடுமாறுகிறார். பயிற்சியாளர் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். 'பெஞ்சில் உட்கார்ந்தால், அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் ட்ரேடில் மதிப்பு போய்விடும், அதற்குள் தள்ளிவிட வேண்டும்' என்று மூன்று பேர் சொல்கிறார்கள். நானும் இன்னொருவரும் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறோம். பேச்சு முற்றியதில் ஒருவர் இரண்டு வாரமாக டீக்கடைக்கே வருவதில்லை. உங்கள் தீர்ப்பு என்ன?
– வாசகர் ஒருவர், பூம்பாறை, கொடைக்கானல் மலை

பதில்: வீரரின் பெயரையும் எழுதியிருந்தீர்கள். நான் எடுத்துவிட்டேன். இந்த இதழ் அச்சாகி உங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் அவர் நாலு ஆட்டம் பிரமாதமாக ஆடியிருக்கலாம், வேறு அணிக்கே போயிருக்கலாம். உங்கள் ஐந்து பேரின் சண்டை அவர் பெயரை நம்பி இல்லை.

தீர்ப்பு கேட்டீர்கள். விலை விழும். பெஞ்சில் இருக்கும் வீரருக்குக் கேட்ட விலை கிடைக்காது. அந்த அளவில் மூன்று நண்பர்கள் சொல்வது சரி. இதற்கு மேல் அந்தக் கணக்கில் எனக்கு அக்கறை இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. தீர்ப்பு என்று கேட்கிற அதே கடிதத்தில் பெஞ்சை ஏன் இவ்வளவு கேவலமாக எழுதியிருக்கிறீர்கள்?

தென் மாவட்டத்துக்காரர்களாகிய நமக்குப் பெஞ்ச் என்றால் மதுரை பெஞ்ச் அல்லவா முதலில் நினைவுக்கு வர வேண்டும்? 2004 ஜூலையில் உயர் நீதிமன்றக் கிளை மதுரையில் திறக்கப்படும் வரை, ஒரு மேல்முறையீட்டுக்கு நம் ஆட்கள் சென்னைக்கு ரயில் ஏறினார்கள். அந்தப் பெஞ்சுக்காக வழக்கறிஞர்கள் எத்தனை காலம் போராடினார்கள்! நம் ஊர் டீக்கடையில் மரியாதையான இடமும் வாசலில் போட்ட பெஞ்சுதான். இரண்டு வாரமாக வராத உங்கள் நண்பர் இழந்திருப்பது டீயை இல்லை, அந்தப் பெஞ்சை. பிறகு எங்கிருந்து வந்தது இந்த இழிவு? பள்ளிக்கூடத்திலிருந்து. 'ஏறுடா பெஞ்ச் மேலே' என்று சொன்ன வாத்தியார்களிடமிருந்து. கடைசி பெஞ்சில் உட்காருகிறவன் உருப்பட மாட்டான் என்று முடிவு கட்டிய பள்ளிக்கூடங்களிடமிருந்து. இதைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் பலமுறை எழுதிவிட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் கோபித்துக்கொண்டு சந்தாவையும் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் மேல் மரியாதை குறையவில்லை. ஆனால் என் கருத்து மாறாது: உட்கார வேண்டிய பலகையைத் தண்டனைக் கருவி ஆக்கியது பெரும் பிழை. நாற்பது வயதிலும் அந்தப் பயம் நம்மை விடவில்லை. அதனால்தான் எங்கோ ஓர் அரங்கில் ஒரு வீரர் உட்கார்ந்ததைப் பார்த்ததும் பூம்பாறையில் ஐந்து பேருக்கு நெஞ்சு பதறுகிறது.

கூடைப்பந்தின் விதியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கால்பந்தில் மாற்று ஆட்டக்காரருக்கு இடம் விட்டு வெளியே போனவர் அன்றைய ஆட்டத்துக்குள் திரும்ப முடியாது. கூடைப்பந்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம், வரலாம். என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம். களத்தில் ஐந்து பேர். ஆக 240 நிமிடம். பயிற்சியாளர் கையில் இருப்பது இந்த 240 நிமிடம்தான். அதை யார் யாருக்கு எப்போது கொடுப்பது என்பதே அவருடைய வேலை. ஆட்டத்தை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். பெஞ்ச் களத்துக்கு வெளியே இருப்பதாக நாம் நினைக்கிறோம். அது களத்தின் ஓரம்.

அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலியைப் பாருங்கள். புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி 1999இல் 57ஆவதாக எடுத்த கார்ட். வழக்கமான சீசன் ஆட்டங்களில் மட்டும் 1,057 ஆடினார். தொடக்க ஐவரில் ஒருவராக இறங்கியது அதில் 349 மட்டும். மற்றதெல்லாம் பெஞ்சிலிருந்து எழுந்து போய் ஆடியவை. நான்கு முறை சாம்பியன். 2008இல், பெஞ்சிலிருந்து வந்து ஆடுகிறவர்களுக்கென்றே உள்ள சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருது. 2022இல் கூடைப்பந்தின் புகழ்க் கூடத்தில் இடம். பெஞ்சில் உட்கார்ந்ததால் மதிப்பு போய்விட்டது என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது?

பெஞ்சில் என்ன நடக்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்கும் வாய்ப்பு எனக்குப் பெரியகுளத்தில் கிடைத்தது. நம் மலையடிவாரத்தில் கோடைதோறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கிறதே, அங்கேதான். பல வருடங்களுக்கு முன்பு, மின்விளக்கு வெளிச்சத்தில் ஓர் இரவு ஆட்டம். முதல் பத்து நிமிடத்திலேயே மூன்று பந்துகளைப் பறிகொடுத்த ஓர் இளம் கார்டைப் பயிற்சியாளர் வெளியே அழைத்துவிட்டார். கூட்டத்தில் சிலர் கேலி செய்தார்கள். பையன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். குனிந்து, அவிழாத ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினான். பிறகு நிமிர்ந்தவன் பந்து போகும் பக்கம் பார்க்கவே இல்லை. எதிரணி கார்டின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த கார்ட் வலப்பக்கம் திரும்பும் முன்பு ஒவ்வொரு முறையும் பந்தை இரண்டு தடவை தாழ்வாகத் தட்டினார். நான் அதைக் கவனிக்கவில்லை. பையனின் விரல்கள் முழங்காலில் அதே தாளத்தில் இரண்டு தட்டு தட்டியதைப் பார்த்தபிறகுதான் எனக்கே விளங்கியது. கடைசிக் கால் பகுதியில் அவனை இறக்கினார்கள். எதிரணிக்காரர் ஒரு தட்டு தட்டினார். இரண்டாவது தட்டுக்குப் பந்து தரையிலிருந்து எழும்பியபோது அங்கே பையனின் கை இருந்தது. பிடித்தான், ஓடினான், போட்டான். கேலி செய்தவர்களே எழுந்து நின்று கத்தினார்கள். அந்தக் கூடை பெஞ்சில் உட்கார்ந்து சம்பாதித்தது.

உங்கள் வீரரை உட்கார வைத்ததில் தவறில்லை என்பதற்கு ஆட்ட நுணுக்கத்திலும் காரணம் இருக்கிறது. எறிதல் கைகூடாத கார்டை எதிரணி என்ன செய்யும்? அவரைக் காப்பவர் இரண்டு அடி பின்வாங்கி நின்றுகொள்வார். 'எறி, பார்க்கலாம்' என்று விட்டுவிடுவார். அந்த இரண்டு அடியில் கூடைக்குக் கீழே நெரிசல் கூடிவிடும். உயரமான ஆட்டக்காரர்கள் திரும்பக்கூட இடமிருக்காது. ஒருவரின் தடுமாற்றத்துக்கு மற்ற நால்வரும் விலை கொடுக்கிறார்கள். அந்த நிலையில் அவரைச் சற்று வெளியே அழைப்பது அணிக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. அதில் நான் பயிற்சியாளர் பக்கம். 'அதற்குள் தள்ளிவிட வேண்டும்' என்பதில்தான் உங்கள் நண்பர்களோடு எனக்குச் சண்டை. தள்ளிவிடுவது என்பது அழுகத் தொடங்கிய தக்காளிக்குச் சொல்லும் சொல்.

ஸ்டீவ் நாஷ் கதை உங்கள் மூன்று நண்பர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஃபீனிக்ஸ் அணி 1996இல் அவரைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வருடம் பெரும்பாலும் பெஞ்சில் வைத்திருந்து, 1998இல் டல்லாஸுக்குக் கொடுத்துவிட்டது. அணி உரிமையாளர்களின் கதவடைப்பால் 50 ஆட்டங்களாகச் சுருங்கிய 1999 சீசனில் அவர் எறிந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் கூடைக்குள் விழுந்தது. டல்லாஸ் ரசிகர்கள் சொந்த ஊரிலேயே அவரைக் கூச்சலிட்டு அவமானப்படுத்தினார்கள். அன்றைக்கு டீக்கடையில் கேட்டிருந்தால் அவருக்கு என்ன விலை சொல்லியிருப்பார்கள்? விட்டுக்கொடுத்த அதே ஃபீனிக்ஸ் 2004இல் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 2005, 2006 இரண்டு வருடமும் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான்.

விலையையும் மதிப்பையும் ஒன்றாக்கிப் பேசுவதுதான் இந்தக் குழப்பத்துக்கெல்லாம் வேர். ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் 2017இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். 2022–23இல் லேக்கர்ஸ் அணி அவரைத் தொடக்க ஐவரில் சேர்க்காமல், பெஞ்சில் வைத்திருந்து பிறகு களத்தில் இறக்கியது. அந்த வருடம் அவர் சம்பளம் ஏறக்குறைய 4 கோடியே 70 லட்சம் டாலர். பிப்ரவரியில் அவரை யூட்டா அணிக்கு மாற்றினார்கள். அங்கே ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு கிளிப்பர்ஸ் அணிக்குப் போய்விட்டார். யூட்டாவுக்குப் போனது மனிதரா, சம்பளப் பத்திரமா? என்.பி.ஏ. ட்ரேடில் பெரும்பாலும் இரு பக்கத்துச் சம்பளமும் ஓரளவு ஒத்துப்போக வேண்டும் என்று விதி இருக்கிறது. அதனால் ஆட்டத்துக்காக இல்லாமல், சீக்கிரம் முடியப்போகும் ஒப்பந்தம் என்பதற்காகவே ஒருவரை வாங்குவார்கள். நன்றாக ஆடுகிறவர் நீண்ட ஒப்பந்தத்தால் விலைபோகாமல் இருப்பதும் உண்டு. இதைத்தான் உங்கள் நண்பர்கள் 'மதிப்பு' என்கிறார்கள். அது விலை. மதிப்பு என்ற நல்ல தமிழ்ச் சொல்லைத் தயவுசெய்து அதற்குக் கொடுக்காதீர்கள்.

பூம்பாறைக்காரருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. கமிஷன் கடைக்காரர் மூட்டைக்குள் கையை விட்டு நாலு பூண்டை எடுத்து, தோலைத் தேய்த்துப் பார்த்து விலை சொல்கிறார். வரத்து அதிகமான நாளில் அந்த விலை விழுகிறது. பூண்டின் காரம் குறைந்தா விழுந்தது? 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது அந்தக் காரத்துக்கும் மணத்துக்கும்தானே? உங்கள் வீட்டிலேயே நல்ல பூண்டையெல்லாம் சந்தைக்கு அனுப்பிவிடுகிறீர்களா? மாட்டீர்கள். திரட்சியான பூண்டாகப் பொறுக்கி, கட்டுக் கட்டாகக் கட்டி, விதைக்கென்று பரணில் தொங்கவிடுவீர்கள். தோண்டிய கையோடு ஊன்றினால் பூண்டு முளைக்காது. அதற்கு ஓய்வுக்காலம் வேண்டும். அந்த மாதங்களில் பரணில் தொங்கும் பூண்டைப் பார்த்து 'இதன் மதிப்பு போய்விட்டது, தள்ளிவிடு' என்று யாராவது சொன்னால் உங்கள் அம்மா என்ன சொல்வார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடிதத்தில் கேட்கவில்லை என்றாலும் கூடைப்பந்து என்று எழுதியதால் சொல்கிறேன். நம் மலையில் சமதளம் அரிது. கால்பந்துக்கு நூறு மீட்டர் நீளத் தட்டை நிலம் எங்கே கிடைக்கும்? கூடைப்பந்துக்கு 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் போதும். சரிவை வெட்டி ஒரு படி எடுத்தால் ஓர் ஆடுகளம் வந்துவிடும். மலைக்கென்றே பொருந்திய விளையாட்டு இது. அப்படி ஓர் ஆடுகளம் எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் இருந்தது. நான் ஆடிக் கீழே விழுந்து முழங்காலில் தழும்பு வாங்கிய இடம். சீசன் கூட்டத்தின்போது கார்கள் நிறுத்த ஒரு மாதத்துக்கு என்று சொல்லி வாங்கினார்கள். கம்பங்கள் மட்டும் இன்னும் நிற்கின்றன, வளையம் இல்லை. தரையில் மூன்று புள்ளிக் கோட்டின் மேல் எண்ணெய்க் கறை. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு உட்காரப் பெஞ்சே கிடையாது; ஏனென்றால் எழுந்து போய் ஆட ஆடுகளம் கிடையாது. என் கோபமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அடுத்த இதழிலும் எழுதுவேன். வளையம் மாட்டும் வரை எழுதுவேன்.

உங்கள் சண்டைக்கு வருகிறேன். டீக்கடைக்கு வராத நண்பர் தள்ளிவிடச் சொன்ன மூவரில் ஒருவரா, பொறுக்கச் சொன்னவரா என்று நீங்கள் எழுதவில்லை. யாராக இருந்தாலும் அவர் வீட்டுக்கு நீங்களே போங்கள். மே மாதம் ஐந்து பேருமாகக் கொடைக்கானலில் பஸ் மாறிப் பெரியகுளத்துக்கு இறங்கி வாருங்கள். ஸ்கோர் பலகைக்கு எதிரே உட்காராதீர்கள். ஏதாவது ஓர் அணியின் பெஞ்ச் தெரிகிற மாதிரி உட்காருங்கள். நானும் அந்தப் பக்கம்தான் இருப்பேன். வரும்போது, பரணில் மிச்சம் இருந்தால், ஒரு கட்டுப் பூண்டு கொண்டுவாருங்கள். சந்தை விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.