அட்டையில் 'முழு வருமானமும் வீடற்றோருக்கே' என்று போடலாமா?

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் பதினைந்து பேர் ஆளுக்கொரு சிறுகதை எழுதியிருக்கிறோம். தொகுப்பாக்கி விற்று, வீடற்றோருக்காக இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் பணம் கொடுக்க ஆசை. 'முழு வருமானமும் வீடற்றோருக்கே' என்று அட்டையில் அச்சிடலாமா? கதைகளின் உரிமை யாருக்கு? எத்தனை பிரதி அடிப்பது?

பதில்: அந்த வாசகத்தை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். 'முழு வருமானம்' என்று படிப்பவர், தான் கொடுத்த காசு மொத்தமும் அங்கே போகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். கணக்கு அப்படி வராது. அட்டை விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கு 40, கடைக்காரரின் கழிவு 35 என்றால் கையில் நிற்பது 25. அஞ்சல் செலவும் விற்காமல் தேங்கும் பிரதிகளும் அதிலிருந்துதான் போகும். 'லாபம் முழுவதும்' என்று மாற்றினால் பொய்யாகாது; ஆனால் லாபமே வராவிட்டால் கொடுக்க ஒன்றும் இருக்காது. நான் சொல்வது: 'விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் இவ்வளவு' என்று ஒரு தொகையை அச்சிடுங்கள். வாங்குபவருக்கும் புரியும், உங்களுக்கும் எண்ணிக் கொடுக்க எளிது. அச்சுச் செலவை யாராவது ஏற்றுக்கொண்டு, பிரதிகளை நீங்களே நேரில் விற்றால் மட்டும் பழைய வாசகத்துக்குத் திரும்பலாம்.

அதற்கும் முன்னால் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். நல்ல காரியம்தானே என்று அவர்கள் பெயரையும் சின்னத்தையும் எடுத்துப் போட்டுவிட முடியாது. தொண்டு நிறுவனத்தின் பெயரைச் சொல்லிப் பொருள் விற்பவர்கள் எழுத்து ஒப்பந்தம் செய்தாக வேண்டும் என்று சில நாடுகளில் சட்டமே இருக்கிறது. கதைகளைப் படித்துப் பார்க்கவும் அவர்கள் கேட்கலாம். தெருவில் உறங்குகிறவர் எல்லாக் கதைகளிலும் குடிகாரராகவோ திருடராகவோ மட்டுமே வந்தால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கவும் வேண்டும். உறவினர் வீட்டுக் கூடத்திலும் விடுதியிலும் காருக்குள்ளும் இரவைக் கழிப்பவர்களும் வீடற்றவர்கள்தான். உங்கள் பதினைந்தில் அப்படி ஒரு கதையாவது இருக்கிறதா?

கதையின் உரிமை எழுதியவருக்கே. 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் பதிவு செய்யாமலே பதிப்புரிமை உண்டு. அதை எழுதி வாங்கிக்கொள்ளாதீர்கள். இந்தத் தொகுப்பில் மட்டும், அச்சிலும் மின்னூலிலும், இத்தனை ஆண்டுகளுக்கு, ஊதியமின்றி வெளியிடச் சம்மதம், கதையை வேறிடத்திலும் பயன்படுத்த ஆசிரியருக்குத் தடையில்லை என்று ஒரு பக்கக் கடிதம் போதும். கதையைத் திரும்பப் பெறக் கடைசி நாளையும் அதிலேயே குறியுங்கள். பக்க வடிவமைப்பு முடிந்தபின் ஒருவர் விலகினால் பொருளடக்கத்திலிருந்து எல்லாம் குலையும். இன்னொன்று, தொகுப்பில் வந்த கதையைப் பல இதழ்களும் போட்டிகளும் 'ஏற்கெனவே வெளியானது' என்று தள்ளிவிடும். இதைக் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

எத்தனை பிரதி என்பதற்கு முன் பக்கக் கணக்கைப் போடுங்கள். கதைக்கு 2,000 சொல், பக்கத்துக்கு 200 சொல் என்றால் பதினைந்து கதைக்கு 150 பக்கம். தலைப்பு, பதிப்பு விவரம், பொருளடக்கம், முன்னுரைக்குப் பத்துப் பக்கம். மொத்தம் 160. ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதியை ஃபாரம் என்பார்கள்; 16 பக்க ஃபாரமாகச் சரியாகப் பத்து. 163-இல் முடிந்தால் மூன்று பக்கத்துக்காக இன்னொரு ஃபாரத்தைத் தொட வேண்டிவரும். முன்னுரையில் கை வையுங்கள், அது எப்போதும் நீளமாகத்தான் இருக்கும்.

முன்பதிவு எடுத்துப் பாருங்கள். சில நூறு பிரதி தேறாது என்றால் பிரிண்ட் ஆன் டிமாண்ட், அதாவது கேட்பு வரவரப் பிரதி அடிக்கும் முறை, நல்லது: ஒரு பிரதியின் அடக்கவிலை கூடும், ஆனால் கட்டிலுக்கடியில் பெட்டி தேங்காது. நூலை அடையாளம் காட்டும் 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண் அச்சு நூலுக்கு ஒன்று, மின்னூலுக்கு வேறொன்று.

வரவுக்குத் தனி வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து. இணைய விற்பனைப் பணம் கைக்கு வர ஓரிரு மாதம் பிடிக்கும் என்பதால் வெளியீட்டு மேடையிலேயே காசோலை கொடுப்பதாக அறிவித்துவிடாதீர்கள். 2010 முதல் அக்டோபர் 10-ஐ உலக வீடற்றோர் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள். அன்று வெளியிட நினைத்தால் ஆகஸ்டுக்குள் மெய்ப்புத் திருத்தம் முடிந்திருக்க வேண்டும். பணம் கட்டிய ரசீதின் நகலைப் பதினைந்து பேருக்கும் அனுப்பிவிடுங்கள்.