பார்த்தவர் வரைந்ததும் படி எடுத்தவர் வரைந்ததும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பணி நிமித்தம் மூன்று ஆண்டுகளாக லண்டனில் வசிக்கிறேன். ஷேக்ஸ்பியர் கால நாடகக் கொட்டகைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தபின் குளோப் அரங்கிற்குச் சென்று, தூறலில் நனைந்தபடி முற்றத்தில் நின்று ஒரு நாடகம் பார்த்தேன். நானூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்த அரங்கை அச்சு அசலாகக் கண்ட உணர்வு. அதே காலத்து லண்டன் அரங்கான ஸ்வானின் (அன்னம்) உட்புறத்தை நேரில் பார்த்தவரே வரைந்த படம் இருக்கும்போது, கட்டுரை நெடுகிலும் நீங்கள் ஏன் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்? பெண் வேடங்களைச் சிறுவர்கள் ஏற்றதைப் பற்றியும் ஒரு வரி இல்லையே? கடைசியாக ஒன்று: வரவேற்பறையில் பெரிதாக அச்சிட்டு மாட்ட ஸ்வான் படம் நன்றாக இருக்குமா, பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் ஹாலரின் லண்டன் நகரக் காட்சியா?

ரா.

அன்புள்ள ரா.,

தூறலில் நாடகம் முடியும்வரை நின்ற உங்கள் கால்களுக்கு என் வணக்கம். சிறுவர் நடிகர்கள் அந்தக் கட்டுரையின் பொருளல்லர், அதை விட்டுவிடுவோம். ஆனால் ‘அச்சு அசல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நீங்கள் நின்ற அரங்கு 1997இல் திறக்கப்பட்டது. பழைய குளோப் இருந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 750 அடி தள்ளி நிற்கிறது. கட்டியவர்களே அதைத் தங்களால் இயன்ற சிறந்த ஊகம் என்றுதான் சொன்னார்கள். அவர்களுக்கு இருந்த அடக்கம் பார்க்கப் போனவருக்கு இல்லாமல் போனது வருத்தமாக இருக்கிறது.

இனி ஸ்வான். நேரில் பார்த்தவர் வரைந்த படம் என்கிறீர்கள். அந்தப் படம் தொலைந்துவிட்டது. 1596 வாக்கில் லண்டனுக்கு வந்த யோகான்னஸ் டி விட் என்ற டச்சுக்காரர் ஸ்வானை வரைந்தார்; அவருடைய நண்பர் ஆரெண்ட் வான் புக்கெல் அதைத் தம் குறிப்பேட்டில் படி எடுத்துக்கொண்டார். 1888இல் உட்ரெக்ட் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து வெளிச்சத்துக்கு வந்தது அந்தப் படிதான். ஸ்வானுக்குள் கால் வைத்ததற்குச் சான்றே இல்லாத ஒருவரின் கை வழியாகத்தான் நாம் அந்த அரங்கின் உள்ளே பார்க்கிறோம்.

அதை ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள். கூரைமேல் அன்னக்கொடி பறக்கிறது. மேலறை வாசலில் ஒருவன் எக்காளம் ஊதுகிறான். நாடகம் இனிமேல்தான் தொடங்க வேண்டும் என்று அதற்குப் பொருள். கீழே மேடையிலோ ஒரு பெண் பாத்திரம் விசிப்பலகையில் அமர்ந்திருக்க, அவளுக்குப் பின்னால் ஒருத்தி நிற்க, நீண்ட கோலேந்திய ஒருவன் முன்னால் வருகிறான், நாடகம் நடந்துகொண்டிருக்கிறது. முற்றத்தில் ஒரு தலைகூட இல்லை, சுற்று மாடங்களும் வெறுமை. மேடைக் கதவுகளுக்கு மேலேயுள்ள மாடத்தில் மட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பார்வையாளர்களா, நடிகர்களா என்பதில் இன்றும் உடன்பாடு இல்லை. வெவ்வேறு வேளைகளில் கண்டதையெல்லாம் ஒரே தாளில் ஏற்றியவர் டி விட்டா, படி எடுக்கும்போது ஆட்களை விட்டவர் வான் புக்கெலா? இதற்கு விடை தெரியாதவரை, அந்தப் படத்தைப் புகைப்படம்போல நீட்டி வாதிடுபவர்கள்மேல் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

நிலத்தைத் தோண்டியபோது என்ன ஆயிற்று என்பதையும் பாருங்கள். 1577இல் லண்டனின் ஷோர்டிச் பகுதியில் எழுந்த கர்ட்டன் அரங்கை எல்லோரும் பல பக்கங்கள் கொண்ட வட்டக் கட்டடமாகவே எண்ணியிருந்தார்கள். வடக்கிலிருந்து நகரைக் காட்டும் பழைய சித்திரம் ஒன்றில் கொடியோடு தெரியும் பலகோணக் கொட்டகைதான் கர்ட்டன் என்று எழுதியும் வைத்தார்கள். 2016 அகழாய்வில் கிடைத்த கர்ட்டனின் அடித்தளம் செவ்வகமாக இருந்தது.

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் லண்டனின் இன்னொரு அரங்கான ஃபார்ச்சூனின் கட்டட ஒப்பந்தத்தைத்தான் மறுபடியும் படித்துக்கொண்டிருந்தேன். 1600ஆம் ஆண்டு ஜனவரியில் அரங்க உரிமையாளர் ஹென்ஸ்லோவும் நடிகர் ஆலைனும் பீட்டர் ஸ்ட்ரீட் என்ற தச்சரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அது. வெளிப்புறம் பக்கத்துக்கு 80 அடி, உட்புறம் 55 அடி, மூன்று அடுக்கு, மேடையின் நீளம் 43 அடி, கூலியும் பொருளும் சேர்த்து 440 பவுண்டு. எந்த ஓவியரும் தராத துல்லியம். ஆனால் முக்கியமான இடம் வரும்போதெல்லாம், ‘குளோப்பில் உள்ளதுபோல’ என்று நழுவிவிடுகிறது. குளோப்பை எழுப்பியவரே ஸ்ட்ரீட்தான் என்பதால் அவருக்கு அது போதும், நமக்குப் போதாது. மேடை எப்படி அமைய வேண்டும் என்பதற்கு இணைத்திருக்கும் வரைபடத்தைப் பார்க்கச் சொல்கிறது. ஒப்பந்தம் டல்விச் கல்லூரியில் பத்திரமாக இருக்கிறது, வரைபடத்தைக் காணோம்.

என் தாய்மாமா தச்சர். வேலை பேசி முடித்ததும், இழைப்புளி போட்ட பலகை ஒன்றில் தட்டைப் பென்சிலால் கோடு கிழித்துப் பட்டறைச் சுவரில் சாய்த்து வைப்பார். வேலை முடியும்வரை பிள்ளைகள் யாரும் அதைத் தொடக்கூடாது. முடிந்த மறுநாளே அதே பலகையை இழைத்து, யார் வீட்டு அலமாரிக்கோ தட்டாக அடித்துவிடுவார். ‘இத்தனை அழகாகப் போட்டதை ஏன் மாமா அழிக்கிறீர்கள்?’ என்று ஒருமுறை கேட்டேன். ‘வீடு நிக்குதேடா, கோடு எதுக்கு?’ என்றார். பீட்டர் ஸ்ட்ரீட்டும் அப்படித்தான் எண்ணியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். ஃபார்ச்சூனில் கோடும் போயிற்று. 1621 டிசம்பரில் தீப்பிடித்து அரங்கும் போயிற்று.

சுவரில் மாட்டுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஹாலரையே மாட்டுங்கள். அவர் தேம்ஸின் தென்கரையில் உள்ள சதக் தேவாலயக் கோபுரத்தின் மேலிருந்து தம் கண்ணால் பார்த்து வரைந்தவர். பின்னர் 1647இல், நாடகங்கள் தடைசெய்யப்பட்டு ஐந்தாண்டுகள் கடந்த நிலையில், ஆண்ட்வெர்ப்பில் அதைச் செப்புத் தகட்டில் செதுக்கினார். அப்போது இரண்டு பெயர்கள் இடம் மாறிவிட்டன: குளோப்பின்மேல் கரடிச் சண்டை அரங்கு என்றும், கரடிச் சண்டை அரங்கின்மேல் குளோப் என்றும் இருக்கும். சட்டமிடக் கொடுப்பதற்கு முன் அந்த இரண்டையும் பென்சிலால் மாற்றி எழுதிவிடுங்கள்.