7 மி.மீ. கட்டிக்கு முழுச் சுரப்பியையும் எடுக்கணுமா?

கேள்வி: எனக்கு 48 வயது. மாஸ்டர் செக்கப்பில் கழுத்து ஸ்கேன் எடுத்தார்கள். வலது பக்கத் தைராய்டில் 7 மி.மீ. கட்டி. ஊசி குத்தி எடுத்துப் பார்த்ததில் 'பாப்பிலரி கேன்சர்' என்று வந்திருக்கிறது. சுரப்பி முழுவதையும் உடனே எடுக்கச் சொல்கிறார்கள். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். ராத்திரி தூக்கமே இல்லை, டாக்டர்.
- வாசகி, விருதுநகர்

பதில்: அம்மா, பத்திரிகை அடிக்கக் கொடுங்கள். இவ்வளவு சிறிய பாப்பிலரி கட்டி பெரும்பாலும் மிக மெதுவாகத்தான் வளரும்.

ஜப்பானில் கோபே நகரத்துக் குமா மருத்துவமனையில் 1993 முதலே, 1 செ.மீ.க்கு உட்பட்ட இத்தகைய கட்டிகளை அறுக்காமல் ஸ்கேனில் கண்காணித்து வருகிறார்கள். 1,235 பேரின் விவரத்தை 2014-இல் வெளியிட்டார்கள். பத்து ஆண்டில் கட்டி 3 மி.மீ.யாவது பெருத்தது சுமார் 8 சதவீதம் பேருக்குத்தான். கழுத்தில் நெறி கட்டியது 4 சதவீதத்துக்கும் குறைவு. அந்தப் புற்றுநோயால் ஒருவர்கூட இறக்கவில்லை.

ஆனால் எல்லோரையும் இப்படி விட்டுவைக்க முடியாது. கட்டி மூச்சுக்குழாயை ஒட்டியிருக்கிறதா, குரல் நரம்பு போகும் பின்பக்கத்தில் இருக்கிறதா, நெறி கட்டியிருக்கிறதா என்பதைத் தைராய்டு ஸ்கேனில் கைதேர்ந்தவர் ஒருவர் மறுபடி பார்த்துச் சொல்லட்டும். அப்படி ஏதேனும் இருந்தால் ஆபரேஷன்தான். இல்லையென்றால், முதல் இரண்டு ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன், பிறகு ஆண்டுக்கு ஒன்று. மனசு கேட்கவில்லை, எடுத்துவிட்டால்தான் நிம்மதி என்றால், அதுவும் நியாயமே. அப்போதும் வலது பாதி மட்டும் போதுமா என்று கேளுங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பல வருஷத்துக்கு முன் ஒரு டீச்சரம்மாவுக்கு 6 மி.மீ. கட்டி, முழுச் சுரப்பியையும் நான்தான் எடுத்தேன். மறுநாள் ராத்திரியே, "உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு டாக்டர்" என்றார். விரல்கள் இழுத்துக்கொண்டன. தைராய்டுக்குப் பின்னால் அரிசிமணிபோல ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள்தான் ரத்தத்தில் கால்சியத்தைக் காக்கின்றன. அவை அடிபட்டுப்போயின. இன்றும் அவர் கைப்பையைத் திறந்தால் கால்சியம் மாத்திரை அட்டைதான் முதலில் தெரியும். சுரப்பி இல்லாததால் அதன் ஹார்மோனுக்குப் பதிலாக, காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை வேறு, ஆயுசுக்கும். பாதி எடுத்திருந்தால் அவருக்குப் போதும் என்றே இன்று நினைக்கிறேன்.

ஸ்கேன் படம், ஊசிப் பரிசோதனை ரிப்போர்ட் இரண்டையும் எடுத்துக்கொண்டு இன்னொரு தைராய்டு சர்ஜனைப் பாருங்கள். நடுவில் குரல் கம்மினாலோ, கழுத்தில் நெறி தட்டுப்பட்டாலோ தை வரை பொறுக்க வேண்டாம். உடனே போய்க் காட்டிவிடுங்கள்.