படிவத்தில் அம்மாவுக்கு என்ன வேலை?

கேள்வி: முதுகலைச் சமூகவியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுத் தலைப்பை வெள்ளிக்கிழமைக்குள் தரவேண்டும். ‘சமூக வலைத்தளங்களும் கல்லூரி மாணவியரும்’ என்று யோசித்தேன். வகுப்பில் நான்கு பேர் ஏற்கெனவே அதையே எடுத்துவிட்டார்கள். அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருவில் விற்கிறார். கல்லூரிப் படிவத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதியிருக்கிறேன். அதனால் வீட்டைப் பற்றிப் பேச்சு எழாத தலைப்பாக இருந்தால் நல்லது. எதை எடுக்கலாம்?
- ராயபுரம் வாசகி

பதில்: ஒளிந்துகொள்ள ஓர் இடம் கேட்கிறாய், அதற்குத் தலைப்பு என்று பெயர் வைத்திருக்கிறாய். அந்த நால்வரோடு ஐந்தாவதாக நின்றால் உன்னை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்பதுதானே கணக்கு?

இருட்டோடு எழுந்து, ஏலத்தில் குரல் கொடுத்து, ஐஸ் போட்டுக் கூடையைச் சுமந்து தெருத்தெருவாக நடக்கிற பெண்ணை ஒரே சொல்லில் வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாய். (இல்லத்தரசிகள் சும்மா இருக்கிறார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அது வேறு சண்டை.) அந்தப் படிவத்தோடு கட்டிய கட்டணம் எந்தக் கூடையிலிருந்து வந்தது? பெற்றவளின் தொழிலைச் சொல்லக் கூசுகிற பிள்ளைக்குச் சமூகவியல் பட்டம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டுவிட்டேன்.

உடனே அம்மாவைப் பற்றி எழுதக் கிளம்பிவிடாதே. குற்ற உணர்ச்சியில் எழுதினால் பாராட்டு மடல்தான் வரும். ‘மீன் விற்கும் பெண்கள்: ஓர் ஆய்வு’ என்றும் கொடுக்காதே. அது கடலையே கூடையில் அள்ளப் பார்க்கிற தலைப்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் உன் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்பதை நீ பார்த்திருக்கிறாய். ஃபைபர் படகு மீனுக்கு அடித்துப் பிடித்துப் போட்டி, வெளியூர் ஐஸ் மீன், ஏறிப்போன விலை. காலையில் கூடை நிரப்பக் கூடுதல் பணம் எங்கிருந்து வருகிறது? தண்டல் கடனா, நகை அடகா, மகளிர் குழுவா? வட்டி போக மாலையில் கையில் என்ன நிற்கிறது? இதை எடுத்துக்கொள். ஏடு சமர்ப்பிக்கும் கெடு தடைக்கு முன்பே வந்துவிட்டால், போன ஆண்டுத் தடைக்காலத்தைக் கேள். வட்டி கட்டியவர்களுக்கு அது மறந்திருக்காது.

முப்பது பேர் போதும். எல்லாரையும் காசிமேட்டிலேயே பிடிக்காதே. அம்மாவுக்குத் தெரிந்தவர்கள் உன்னிடம் கடனைக் குறைத்தே சொல்வார்கள். பாதிப் பேரை நொச்சிக்குப்பத்தில் பார். அம்மாவைக் கணக்கில் சேர்க்காதே. யார் பெயரையும் ஏட்டில் போடாதே. தண்டல்காரர் படிக்கமாட்டார் என்று என்ன நிச்சயம்? இதே கேள்வியை முனைவர் பட்டத்துக்கு யாராவது எடுத்திருக்கிறார்களா என்று, ஆய்வேடுகளைச் சேர்த்துவைத்திருக்கும் ‘சோத்கங்கா’ இணையதளத்தில் தேடு. மீன்தொழிலில் பெண்கள் நிலையை எழுதவே ‘யெமாயா’ என்ற இதழை நடத்தும் அமைப்பு சென்னையில்தான் இருக்கிறது. அதன் பழைய இதழ்களைப் புரட்டு.

தலைப்பை வெள்ளிக்கிழமை கொடுக்கலாம். அதற்கு முன் கல்லூரி அலுவலகத்துக்குப் போய்ப் படிவத்தைத் திருத்தச் சொல். எழுத்தர் நிமிர்ந்து பார்ப்பார், பார்க்கட்டும். மறுநாள் விடியலில் அம்மாவோடு காசிமேட்டுக்குப் போ. நோட்டுப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிடு. கூடை தூக்கிவிடக் கை இரண்டும் வேண்டும்.