நோய் பரவும் காலத்தில் மக்கள் ஏன் பயணம் போகிறார்கள், எதனால் நிற்கிறார்கள்?

நோய்த்தொற்றுக் காலத்தில் மக்களைப் பயணம் போக வைப்பது எது, தடுப்பது எது என்று கேட்டிருக்கிறீர்கள். கொரோனா சமயத்தில் சென்னையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நோய் பயம் இரண்டாம்பட்சம்தான். வாடகை, வேலை, ஊரில் ஒரு சாவு... பெரும்பாலும் இவைதான் முடிவு செய்தன.

2020 ஜூன் 19 முதல் சென்னையிலும் சுற்று வட்டாரத்திலும் மறுபடி முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். உடனே சென்னையிலிருந்து தென் மாவட்டங்களுக்குப் போகும் ஜிஎஸ்டி சாலையில் பரனூர் சுங்கச்சாவடிப் பக்கம் வண்டிகள் குவிந்தன. பைக் டேங்கின் மேல் பிள்ளை, பின்னால் மனைவி, அவர் மடியில் மிக்சியும் துணிமணியும் திணித்த பை. மாவட்டம் தாண்ட அப்போது வாங்க வேண்டியிருந்த இ-பாஸ் இல்லை என்று போலீஸ் திருப்பி அனுப்பினால், கிராமத்துச் சாலைகளில் புகுந்து போனார்கள். பொறுப்பில்லாதவர்கள் என்று பலர் திட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. வேலை பார்த்த கடை பூட்டிக் கிடக்கிறது, மாதம் பிறந்தால் வாடகை கொடுத்தாக வேண்டும். ஊருக்குப் போனால் கஞ்சியாவது கிடைக்கும் என்று கிளம்பியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருந்த இடத்திலேயே அரிசியும் வாடகைக்கு ஒரு வழியும் கிடைத்திருந்தால் பாதிப் பேராவது நின்றிருப்பார்கள்.

இன்ன தேதியிலிருந்து எல்லாம் மூடப்படும் என்று சொல்வதே ஆட்களைக் கிளப்பிவிடும். 2021 மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு என்றபோது, அதற்கு முந்தைய இரண்டு நாளும் வெளியூர்ப் பேருந்துகளை அரசே ஓட்டியது. தவிக்கும் மக்களுக்கு அது தேவைதான். ஆனால் அவ்வளவு பேரும் அந்த இரண்டு நாளில் நெருக்கியடித்துக்கொண்டு ஏற வேண்டியதாயிற்று.

தடுத்தவற்றில் போலீஸை விட வலுவானது ஊர்ப் பேச்சு. "மெட்ராஸ்லேர்ந்தா வந்திருக்க?" என்று தெருவே ஒதுங்கும், வாசலில் தனிமைப்படுத்தல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், வயதான அம்மா அப்பாவுக்குத் தலைகுனிவு என்று நினைத்தே பலர் போகவில்லை.

பயணம் போக வைப்பதில் இன்னொன்று டிக்கெட் பணம். பணம் திரும்ப வராது என்றால், லேசான காய்ச்சல் இருப்பவர் ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு ஏறிவிடுவார். ஊரடங்கில் ரத்தான விமான டிக்கெட்டுகளுக்குப் பல நிறுவனங்கள் பணத்துக்குப் பதில், பின்னால் வேறு டிக்கெட் எடுக்க மட்டும் உதவும் வரவுக் கணக்கைத்தான் நீட்டின. உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று உத்தரவிட்ட பிறகுதான் பணம் திரும்பப் பெற வழி பிறந்தது. ரயில்வே இதில் சரியாக நடந்துகொண்டது: நிலையத்துப் பரிசோதனையில் காய்ச்சல் என்று திருப்பி அனுப்பப்பட்டவருக்கு முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும் என்று 2020 மே மாதமே விதி போட்டுவிட்டார்கள்.